மூன்று பட்டியல்களும் நம் பள்ளி நிலமும்



தமிழகச் செய்திகளைத் தொலைக்காட்சியில் கண்டு வளரும் நம் மாணவர்கள், அங்குள்ள முதலமைச்சரையும் ஆளுநரையும் நன்கு அறிவர். "நம் மந்திரி பெசாரும் அவரைப் போன்றவர்தானே ஐயா? அப்படியானால் நம் பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்புபவரும் அவர்தானே?" என்று வகுப்பில் என்னிடம் கேட்பதுண்டு. கேள்வி சிறியது, விடையோ இரு நாடுகளின் வரலாற்றைத் தொட்டு நிற்கிறது. பதவிப் பெயர்களை வைத்து ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். 'இதனை முடிவு செய்யும் அதிகாரம் எவரிடம் உள்ளது?' என்று கேட்டு ஒப்பிட்டால் பிற நாட்டின் ஆட்சிமுறை விளங்கும், நம்முடையதும் விளங்கும்.

முதலில் ஒற்றுமையைக் காண்போம். மலாயாவின் அரசியலமைப்பை வரைவதற்கு 1956ஆம் ஆண்டில் ரீட் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் அவரோடு பிரிட்டனின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் இடம்பெற்றனர். 1950இல் நடைமுறைக்கு வந்திருந்த இந்திய அரசியலமைப்பு அவர்கள் கண்முன் இருந்தது. ஆகவே, ஒப்பிட்டுப் பார்ப்பது நாம் வகுப்பறைக்கென்று கண்டுபிடித்த உத்தியன்று. நம் அரசியலமைப்பே அவ்வழியில் பிறந்ததுதான்.

இரு நாடுகளிலும் அதிகாரங்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன: மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலங்களுக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. இம்முறை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே காணப்படுகிறது. இந்தியாவில் அது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை. இங்கே ஒன்பதாம் அட்டவணை.

வேற்றுமை இனித்தான் தொடங்குகிறது. எப்பட்டியலிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் மத்திய அரசுக்குரியது, மலேசியாவில் மாநிலங்களுக்குரியது. இதை மட்டும் படிப்பவர், நம் மாநிலங்களே வலிமை மிக்கவை என்று எண்ணக்கூடும். பட்டியல்களைத் திறந்து பார்த்தால் உண்மை வேறு. இந்தியாவில் காவல்துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. இங்கே காவல்துறையும் மருத்துவமும் கூட்டரசுக்குரியவை. கல்வி, இந்தியாவில் மாநிலப் பட்டியலில் இருந்து, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாறியது. இங்கோ 1957 முதலே அது கூட்டரசின் பொறுப்பு. கூட்டரசுப் பட்டியல் அத்துணை நீளமாதலால், எஞ்சியது என்பது சொற்பமே.

காரணம் என்ன? வலிமையான மத்திய அரசு வேண்டும், மாநிலங்களுக்கு ஓரளவு தன்னாட்சி வேண்டும், மலாய் ஆட்சியாளர்களின் நிலையும் காக்கப்பட வேண்டும் என்பதே ரீட் ஆணையத்துக்கு இடப்பட்ட பணி. 1946இல் வந்த மலாயன் யூனியன், ஆட்சியாளர்களின் இறைமையைப் பறித்ததனால் கடும் எதிர்ப்புக்கு ஆளாகி, 1948இல் கைவிடப்பட்டது. அந்தப் படிப்பினை புதிய அமைப்பிலும் படிந்தது. கல்வியும் காவலும் கூட்டரசிடம் சென்றன. நிலமும் இஸ்லாமிய சமய விவகாரங்களும் மாநிலங்களிடம் நின்றன.

நிலம் இந்தியாவிலும் மாநிலப் பட்டியலில்தான் உள்ளது. ஆயினும் மாநிலத்தின் எல்லையைப் பொறுத்தவரை இரு நாடுகளும் வேறுபடுகின்றன. ஆந்திரச் சட்டமன்றம் மறுத்த பின்னரும், 2014இல் இந்திய நாடாளுமன்றம் தெலங்கானாவைப் பிரித்தது. இங்கே ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற, அம்மாநிலச் சட்டமன்றமும் ஆட்சியாளர்கள் மன்றமும் இசைய வேண்டும். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது, சிலாங்கூர் சுல்தான் இசைந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று பெற்றோர்கள் கேட்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டங்களில் பிறந்தவை. தோட்டம் கைமாறும்போதோ, மக்கள் நகரத்துக்குப் பெயரும்போதோ பள்ளிக்குப் புதிய நிலம் தேவைப்படுகிறது. அங்கேதான் இந்தப் பட்டியல்கள் உயிர் பெறுகின்றன. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கல்வி அமைச்சின் கையில். அரசு நிலத்தை ஒதுக்குவதும் நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் மாநில அரசின் கையில். ஒரு பள்ளியின் கூரை ஒரு கதவுக்குள்ளும், அதன் தரை வேறொரு கதவுக்குள்ளும் இருக்கின்றன! ஆசிரியர் பற்றாக்குறைக்கு மந்திரி பெசாரிடமும், நிலத்துக்குக் கல்வி அமைச்சிடமும் மட்டும் மகஜர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களது உழைப்பு உண்மையானது. தட்டிய கதவுதான் வேறு. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறிவிடுகின்றனர்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. கரும்பலகையில் இரு பத்திகள் வரையுங்கள்: மலேசியா, இந்தியா. பள்ளி, நிலம், காவல் நிலையம், மருத்துவமனை என ஒவ்வொன்றாகக் கூறி, 'யாருடைய பொறுப்பு?' என்று மாணவர்களைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதனைச் செய்து பார்க்கலாம். எந்தக் கதவு நமக்குரியது என்று அறிந்து தட்டுவதும் குடிமக்கள் கற்க வேண்டிய பாடமே.