கூடத்தில் தொடங்கிய கச்சேரி

நியூஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள் மாப்பிள்ளை காரில் ஒரு சிடியைப் போட்டார். "மாமா, இவர் இந்த ஊர்க்காரர்தான், கேட்டுப் பாருங்க" என்றார். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயம். ராக் பாடகர் ஆயிற்றே, காது என்னாகுமோ! வந்ததோ பிடிலும் பாஞ்சோவும் அக்கார்டியனும். மூன்றாவது பாட்டில் நான் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன்.

அது 2006-இல் வெளிவந்த 'சீகர் செஷன்ஸ்' என்ற தொகுப்பு. பீட் சீகர் ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய பாட்டுகள். அவர் எழுதியவை அல்ல, அவருக்கும் முந்தியவை. ஸ்பிரிங்ஸ்டீன் தன் பண்ணை வீட்டுக் கூடத்திலேயே ஆட்களைக் கூட்டி, ஒத்திகை இல்லாமல் பதிவு செய்தார். இடம் போதாமல் ஊதுகுழல்காரர்கள் நடையில் நின்று வாசித்தார்களாம்.

பாட்டில் வருபவர்கள் யார் என்கிறீர்கள்? கால்வாயில் படகு இழுத்த கோவேறு கழுதையும் அதன் துணைவனும். இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, சுத்தியலோடு செத்து விழுந்த ஜான் ஹென்றி. ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் கப்பலுக்குச் சுமை தூக்கி, கூலியைக் கேட்டுப் பாடிய கறுப்பினத் தொழிலாளர்கள். எங்கள் பக்கத்து ஏற்றப்பாட்டு நினைவுக்கு வந்தது. அதிலும் வேலையின் மூச்சுக்குத் தகுந்தபடிதான் அடி விழும்.

தலைப்புப் பாட்டு 'வீ ஷேல் ஓவர்கம்'. அதன் மூலம் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு. 1945-இல் சார்ல்ஸ்டன் நகரப் புகையிலை ஆலையில் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் அதைப் பாடினார்கள். அவர்களிடமிருந்து ஒரு தொழிலாளர் பள்ளிக்குப் போய், அங்கிருந்து சீகரிடம் வந்து, பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்கே பாட்டாயிற்று. என் மகள் பள்ளிக்கூடத்தில் இந்தியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று பாடினாளே, அதுவும் இதுதான்! அவளுக்கே அது தெரியாது.

சிடி ஒரு பக்கம் இருக்கட்டும். மேடைதான் முக்கியம். 2006 ஏப்ரல் 30-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவில் இந்தக் குழு பாடியது. கத்ரீனா புயலில் ஊர் மூழ்கி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. அழிந்து கிடந்த பகுதிகளை நேரில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்ஸ்டீன் மேடை ஏறினார். ஆல்ஃபிரட் ரீட் என்ற பார்வையற்ற பாடகர் 1929-இல், ஏழை இந்தக் காலத்தில் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டுப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதன் முதல் சரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வெள்ளத்தைப் பற்றித் தானே புதுச் சரணங்கள் எழுதிச் சேர்த்துப் பாடினார். ஊரைக் கைவிட்ட ஜனாதிபதியையும் விட்டுவைக்கவில்லை. பாழடைந்த தன் நகரத்தைப் பற்றி முன்பே எழுதியிருந்த பாட்டையும் பாடினார். கூட்டத்தில் பலர் அழுதார்கள். நாட்டுப்பாட்டு என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐம்பது வருஷமாக நினைத்தது தப்பு.

அதே ஆண்டு நவம்பரில் டப்ளினில் மூன்று இரவுகள் பாடியது படமாகவே வந்திருக்கிறது. போரில் இரண்டு காலையும் இழந்து திரும்பும் மகனைப் பார்த்துத் தாய் புலம்பும் ஐரிஷ் பாட்டை அயர்லாந்துக்காரர்கள் முன்னாலேயே பாடுகிறார். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த சமயம். தனியாக விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சீகரைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1955-இல் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு, யாரோடு சேர்ந்தாய், எங்கே பாடினாய் என்று விசாரித்தது. பதில் சொல்ல மறுத்தார். 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மறு ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. ஆனாலும் தொலைக்காட்சிக்காரர்கள் பல வருஷம் அவரைச் சேர்க்கவில்லை.

2009 ஜனவரி 18. ஒபாமா பதவியேற்க இரண்டு நாள் இருந்தது. லிங்கன் நினைவிடத்தின் படிகளில், நல்ல குளிரில், 89 வயது சீகர் குல்லாய் போட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கிட்டாருடன் ஸ்பிரிங்ஸ்டீன். பாடியது வுடி கத்ரி 1940-இல் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்'. பள்ளிக்கூடங்களில் வழக்கமாக விட்டுவிடும் சரணங்கள் அதில் உண்டு: ஒன்று தனியார் சொத்து என்ற பலகையைப் பற்றி, இன்னொன்று நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்பவர்களைப் பற்றி. எல்லாச் சரணத்தையும் பாட வேண்டும் என்று கிழவர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். அடியை அவர் எடுத்துக்கொடுக்க, மொத்தக் கூட்டமும் பாடியது.