நிலமும் வேண்டும், ஏரியும் வேண்டும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுக்கு விடை கூற விழைகின்றோம். "ஏரியைக் காக்க வேண்டும் என்கிறார்கள், காட்டைக் காக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் நிலமற்ற நாம் எங்கே குடியிருப்பது?" என்பதே அவ்வினா. ஏரியா, குடிசையா என்று இதனை ஒரு வழக்காக்கி, ஏழையை எதிர்வாதியாக நிறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இவ்வழக்கே பிழையாகத் தொடுக்கப்பட்டது என்பது புலனாகும்.

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. கொசத்தலையாறு, கூவம், ஆரணியாறு ஆகிய மூன்றும் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் வறள்வன. ஆதலின் நம் முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். மேட்டு நிலத்துப் புதர்க்காடுகள் மழையின் வேகத்தைத் தணித்து, மண் அரித்து வந்து ஏரியைத் தூர்க்காமல் தடுத்தன. காடும் ஏரியும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நின்றன. காக்களூர் ஏரிக்கரையில் நின்று பார்க்கும் மாணவன் இந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணியையே காண்கின்றான்.

இந்த ஏற்பாட்டில் நம் மக்களுக்கு என்ன இடம் இருந்தது? மதகைத் திறந்து மூடி, முறை வைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம்மவரே. வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரை காத்தவரும் அவரே. ஆனால் அந்நீர் பாய்ந்த ஆயக்கட்டில் அவர்க்கு ஒரு காணி நிலமும் இல்லை. நீரைக் காத்தவன் நிலமற்றவனாக நின்றான். இதனை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

நிலம் இல்லாமற் போனதற்குக் காரணம் மிராசு முறை. அக்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தில் (இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அதனின்று 1997இல் பிரிந்தது) தரிசு நிலம் வேண்டி ஆதிதிராவிடர் ஒருவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதாரர் தமக்கே முன்னுரிமை என்று மறுப்பு எழுப்புவர். சேரி அமைந்த மனையும் அவர்களுக்கே உரியது எனப்பட்டமையால், எதிர்த்துப் பேசியவன் குடிசையையும் இழக்க நேர்ந்தது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் இந்நிலையை நேரிற் கண்டு, 1891இல் அரசுக்கு விரிவானதோர் அறிக்கை அளித்தார். நிலமும் மனையும் கல்வியும் அளித்தாலன்றி இம்மக்கள் தலையெடுக்க இயலாது என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை எண் 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இவ்வாறு வந்ததே. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வகையில் ஒதுக்கப்பட்டதாகக் கூறுவர். பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை எவர்க்கும் விற்றலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பினர்க்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வாணைக்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே, 1882இல், சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டுக் காடுகள் ஒதுக்கப்பட்டன. ஏரி உட்பகுதி, வாய்க்கால் ஆகியன புறம்போக்காகத் தனியே வகுக்கப்பட்டன. நீர்நிலைப் புறம்போக்கை ஒப்படை செய்தலாகாது என வருவாய் நிலையாணையும் விதித்தது. அதாவது காடும் ஏரியும் ஒருபுறம். ஏழைக்குக் கொடுக்கத்தக்க தரிசு மறுபுறம். ஏட்டளவில் இரண்டிற்கும் இடம் இருந்தது, பகை இருக்கவில்லை.

பகை எவ்வாறு வந்தது? ஏழைக்கென வகுத்த நிலம் கடனுக்கும், மிரட்டலுக்கும், எழுத்தறியாமைக்கும் இரையாகிப் பிறர் கைக்குச் சென்றது. அதனை மீட்க முயன்றபோது 1994இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, நம்மவர் இருவர் உயிர் நீத்தனர். 1961இன் நில உச்சவரம்புச் சட்டமும் நிலமற்றோர் குறையைத் தீர்க்கவில்லை. மேட்டு நிலம் கைநழுவியபின், ஏழைக்கு எஞ்சியது ஏரியின் ஓரமும் ஓடையின் கரையுமே. அவன் விரும்பி அங்குச் சென்றானில்லை. வேறிடம் இன்மையாற் சென்றான்.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்தது. அந்நாளில் நாம் பணியாற்றிய பள்ளியின் வகுப்பறைகளில் தாழ்நிலக் குடும்பங்கள் தங்கின. பாய்களுக்கிடையே நனைந்த பாடநூல்களை ஒரு சிறுமி ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். "ஐயா, தண்ணி வடிஞ்சதும் எங்க வீட்டை இடிச்சிடுவாங்களா?" என்று வினவினாள். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நமக்கு விடை தெரியாது நின்ற வினாக்களுள் அதுவும் ஒன்று. சென்னையில் ஆற்றங்கரையினின்று அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. வெள்ளத்தினின்று காப்பதாகக் கூறி மீண்டும் தாழ்நிலத்திற்கே அனுப்புவது குடியமர்த்தல் ஆகுமா?

நம் மக்கள் காட்டுக்கும் ஏரிக்கும் பகைவர் அல்லர் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை, நம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கு ஏறக்குறைய 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது; 2009இல் பிரான்சு நாட்டு டயர் நிறுவனம் ஒன்று அங்கு ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தது. தங்கள் ஏரிகளுக்கு நீர் தருவதும் கால்நடை மேய்வதும் அந்த மரக்காடே என்று கூறி ஊரார் போராடினர். 2012இல் அவர்தம் முறையீடு பிரான்சு வரை சென்றது. தொழிற்பூங்கா அமைந்துவிட்டது. எனினும் ஊரார் கூறியதில் உண்மை இருந்தது. அதே வட்டாரத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம், சென்னையின் தாகந் தீர்க்க 2020இல் திறக்கப்பட்டது. அந்நிலம் நீர் பிடிக்கும் நிலமே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சட்டம் யாது கூறுகின்றது? 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், மைய அரசின் ஒப்புதலின்றிக் காட்டை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்றது. 2007இல் தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குளம் முதலிய ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றப் பணித்தது. அதே தீர்ப்பில், அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் அளித்த குத்தகை போன்றவற்றை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் உரைத்தது. முன்பகுதியை மட்டும் நமக்குப் படித்துக் காட்டுவோர் உளர். பின்பகுதியையும் படிக்கக் கற்றவர் நம்மிடையே வேண்டும்.

ஆகவே நம் விடை இது. ஏரிக்குள் பட்டா கேட்பது நமக்கு நன்மையன்று. வெள்ளம் முதலில் புகுவது நம் வீட்டினுள்ளேயே. நாம் கேட்க வேண்டுவது மேட்டு நிலம். அதிலும் முதற்கண், நமக்கென வகுத்துப் பறிபோன பஞ்சமி நிலம். அது மீண்டால் ஒரு மரமும் வெட்ட வேண்டுவதில்லை. ஓர் ஏரியும் தூர்க்க வேண்டுவதில்லை. மாற்றிடம் தந்து, அங்குப் பள்ளியும் வேலையும் அண்மையில் அமைந்த பின்னரே குடிசையை அகற்ற வேண்டும். சிறு குடிசைக்கு ஓர் அளவுகோல், பெருங்கட்டடத்திற்கு வேறோர் அளவுகோல் கூடாது.

இளைஞர்களே! இதற்கு முழக்கம் மட்டும் போதாது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டைப் புதிய பதிவேட்டோடு ஒப்பிட்டு, நிபந்தனை நிலம் எது, நீர்நிலை எது எனப் புல எண் வாரியாகக் குறித்துவையுங்கள். முதியோரை அணுகி, வரத்துக்கால்வாய் எவ்வழி வந்தது என்று கேட்டு எழுதுங்கள். நம் பாட்டன்மார் கையில் மதகின் திறவுகோல் இருந்தது. பதிவேட்டைப் படிக்கும் கல்வி இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் உழைத்தது அக்குறையைப் போக்கவே. அன்று அச்சிறுமிக்கு நாம் சொல்ல இயலாத விடையை, அவள் தலைமுறையினர் ஆவணத்தோடு சென்று பெற்றுத் தருவர் என்பது நம் உறுதியான நம்பிக்கை.