பாறு இல்லாத வானம்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் வட்டாரத்தில் உழவர் வாழ்வு கால்நடைகளோடு பிணைந்தது. அடுத்துள்ள புதன்சந்தை, மாட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே விலைபேசப்படும் மாட்டின் சுழியையும் பல்லையும் ஆராயும் நாம், இறந்த மாடு என்னவாகிறது என்று எண்ணுவதில்லை. முன்னாளில் எண்ணவேண்டிய தேவையும் இருந்ததில்லை. நம் நாட்டில் ஊர்ப்புறத்தே இடப்பட்ட உடலைப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்கிச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். பல நோய்க் கிருமிகள் அவற்றின் இரைப்பை அமிலத்திலேயே மடிந்துவிடும்.

1990களில் இப்பறவைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. மாடுகளின் வலி தீர்க்க இடப்பட்ட டைக்ளோஃபினாக் ஊசிமருந்தே அந்த நஞ்சு என்பதைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளிப்படுத்தியது. மருந்து ஏற்ற சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. நூறு உடல்களில் ஒன்று நஞ்சேறியிருந்தாலே, கூட்டமாக உண்ணும் அவ்வினம் அழியப் போதுமானது.

உணவுச் சங்கிலியின் இந்தக் கண்ணி அறுந்ததும், கேட்பாரற்ற பிணங்களைத் தேடித் தெருநாய்கள் வந்தன. உணவு மிகுந்ததால் அவை பெருகின. வெறிநாய்க்கடி அச்சமும் வளர்ந்தது. அழுகிய உடல்கள் நீர்நிலைகளைக் கெடுத்தன. பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று கணிக்கிறது. நாம் அருவருத்து விலக்கிய பறவை, நம் பிள்ளைகளின் உயிர்க்காவலாய் இருந்திருக்கிறது!

2006இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. 2023இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் ஆகியவையும் தடைக்குள்ளாயின. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் மாற்றாக உள்ளது. ஆயினும் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை விரைவில் பெருகுமா? தமிழகத்தில் நீலகிரிச் சாரலின் மாயாற்றுப் பள்ளத்தாக்கே அவற்றின் முதன்மைப் புகலிடம்.

அழிப்பதற்கு ஒரு பத்தாண்டு போதுமாயிற்று. மீட்பதற்கு ஒரு தலைமுறை போதாது. நம் தொழுவத்து மாட்டுக்கு என்ன மருந்து ஏற்றப்படுகிறது என்று கேட்டறிவது சிறு செயல்தான். அந்தச் சிறு கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கலாம்.