பேசாப் பிள்ளையால் பிறந்த கல்வி

மழலையின் இனிமையை வள்ளுவர் பாடினார். புலவர் பலரும் அவரைத் தொடர்ந்து பாடினர். ஆயினும், உரிய வயது வந்த பின்னரும் மழலை கேளாத வீடுகள் உலகில் உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளை 'அம்மா' என்றழைக்கும் பொழுது தன் பிள்ளையின் வாயையே நோக்கி நிற்கும் தாயின் ஏக்கம் சொல்லில் அடங்குவதன்று. "பொறுத்திருங்கள், தானே பேசுவான்" என்பர் சிலர். "இவனுக்கு இனிப் பேச்சும் வராது, படிப்பும் வராது" என்பர் வேறு சிலர். முன்னது காத்திருக்கச் சொல்கிறது. பின்னது கைவிடச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, "இப்பிள்ளைக்குக் கற்பிக்கும் வழி யாது?" என்ற மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அவ்வினாவைத் துணிந்து எழுப்பி, ஆண்டுக்கணக்கில் முயன்று, கண்டவற்றை ஒளிக்காமல் எழுதி வைத்த ஒருவரின் வரலாறு கல்வியாளர் யாவரும் அறிய வேண்டுவதாகும்.

காட்டிலிருந்து வந்த சிறுவன்

பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரோன் மாவட்டத்தில், 1800ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடுங்குளிரில் ஒரு சிறுவன் காட்டிலிருந்து வெளிவந்தான். வயது ஏறத்தாழப் பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சில்லை, பெயர் சொல்ல ஆளில்லை. அவன் உடலில் பல வடுக்கள் இருந்தன. இதற்கு முன்னரும் பிடிபட்டுத் தப்பி ஓடியவன் அவன். அவ்வாண்டு ஆகஸ்டில் அவனைப் பாரிசு நகரின் காது கேளாதோர் தேசியப் பள்ளிக்குக் கொண்டு சென்றனர். 'காட்டுச் சிறுவனை'க் காணக் கூட்டம் கூடியது. ஆனால், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கண்டது அசைந்தாடிக் கொண்டும், கடித்துக் கொண்டும், எவரையும் ஏறிட்டுப் பாராமலும் இருந்த ஓர் எளிய பிள்ளையைத்தான். கூட்டம் கலைந்தது.

அக்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றவர் பினெல். மனநோயாளரை மனிதராக நடத்த வேண்டுமென்று போராடியவர். அவரே சிறுவனை ஆராய்ந்து, 'இவன் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். பயிற்சியால் பெரும்பயன் விளையாது' என்று தீர்ப்பளித்தார். பேரறிஞரின் தீர்ப்புக்கு மறுப்பேது? மறுக்கத் துணிந்தவர், அப்பள்ளியில் புதிதாகப் பணியேற்ற இளம் மருத்துவர் ழான் மார்க் இத்தார். 1774இல் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. சிறுவனின் குறை மூளையில் அன்று, மனிதத் தொடர்பின்றி வளர்ந்ததில்தான் உள்ளது என்று அவர் நம்பினார்.

துப்பாக்கியும் வாதுமைக் கொட்டையும்

இத்தார் முதலில் கண்டறிய விரும்பியது சிறுவனின் செவியைப் பற்றித்தான். அவனருகே துப்பாக்கி வெடித்தும் அவன் பெரிதாகத் திடுக்கிடவில்லை. ஆனால், அவனுக்குப் பிடித்த வாதுமைக் கொட்டையை எங்கோ உடைக்கும் சிற்றொலி கேட்டால் உடனே திரும்பினான்! செவி கேட்கிறது, கேட்பதில் எது பொருளுடையது என்பதை உள்ளம் இன்னும் அறியவில்லை என்று இத்தார் உணர்ந்தார். செவி கேளாமை வேறு, கவனம் செல்லாமை வேறு என்னும் இவ்வேறுபாடு, இன்றும் பேச்சுத் தாமதமான பிள்ளையை ஆராய்வோர் முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளும் செய்தியாகும்.

'ஓ' என்னும் உயிரொலிக்குச் சிறுவன் செவி சாய்த்ததால், அவ்வொலி அமைந்த 'விக்தோர்' என்ற பெயரை அவனுக்கு இட்டார். வெந்நீர்க் குளியலால் உணர்ச்சியைத் தூண்டினார். பொருள்களின் வடிவைப் பலகையில் வரைந்து, அதற்குரிய பொருளை அதனருகே வைக்கப் பழக்கினார். உலோக எழுத்துகளைக் கையில் தந்து வேறுபடுத்தக் கற்பித்தார். பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை விக்தோர் ஒருநாள் உச்சரித்தபோது இத்தார் மகிழ்ந்தார். ஆனால், அச்சொல் பாலைக் கேட்பதற்காக எழவில்லை. பால் கிடைத்த மகிழ்ச்சியிலேயே எழுந்தது. இவ்வேறுபாட்டையும் அவர் மறைக்கவில்லை. பின்னர் ஒருநாள், வெளியே சென்ற வீட்டில் தன் பையிலிருந்து நான்கு எழுத்துகளை எடுத்து அச்சொல்லை அடுக்கிக் காட்டினான் விக்தோர். வாய் சொல்லாததைக் கை சொல்லிற்று.

விக்தோரை நாள்தோறும் உண்பித்து, உறங்கச் செய்து, அன்பு காட்டி வளர்த்தவர் கெரேன் அம்மையார். அவருடைய கணவர் இறந்த அன்று, வழக்கம்போல் அவருக்கும் மேசையில் தட்டு வைத்தான் விக்தோர். அதைக் கண்டு அம்மையார் அழுதார். தன் செயலே அழுகைக்குக் காரணமென உணர்ந்த அவன், தட்டை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டான். பின்னர் ஒருபோதும் அங்கே தட்டு வைக்கவில்லை. இப்பிள்ளையையா உணர்வற்றவன் என்றனர்?

தோல்வியில் விளைந்த வெற்றி

ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்புக்குப் பின், 1806இல் இத்தார் தம் இரண்டாவது அறிக்கையை அரசுக்கு எழுதினார். விக்தோர் சில சொற்களைப் படித்தான், எழுதினான், பேசவில்லை. அவனைப் பிற சிறுவரோடு ஒப்பிடாமல், முன்பிருந்த அவனோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது இத்தாரின் வேண்டுகோள். ஆயினும், எண்ணிய வெற்றி கிட்டாத ஏமாற்றத்தில் அவர் அப்பயிற்சியைக் கைவிட்டார். கெரேன் அம்மையாருக்கு ஆண்டுக்கு 150 பிராங்கு அரசு வழங்கியது. அவருடைய அரவணைப்பிலேயே வாழ்ந்து, 1828இல் விக்தோர் மறைந்தான்.

இத்தார் செய்த பிழையும் ஒன்றுண்டு. சைகை மொழி நாள்தோறும் வழங்கிய பள்ளியில் வாழ்ந்தும், விக்தோருக்கு அதனைக் கற்பிக்கவில்லை. விருந்தினர் சலிப்பூட்டினால் அவர்தம் தொப்பியையும் கைத்தடியையும் கொண்டுவந்து நீட்டி வாயிலைக் காட்டும் அளவுக்கு, விக்தோர் தானாகவே சைகையில் தேர்ந்திருந்தான். வாய்ப்பேச்சு ஒன்றையே மொழி எனக் கொண்டதால் திறந்திருந்த வாயில் தவறவிடப்பட்டது என்று, 1976இல் ஹார்லன் லேன் தம் நூலில் எடுத்துக்காட்டினார். விக்தோருக்கு இருந்தது ஆட்டிசம் என்று பின்வந்த அறிஞர் சிலர் கருதினர். சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை, அதற்குத் துணையே ஆகும் என்பதை இன்று வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

ஆனால் விதை வீணாகவில்லை. இத்தாரின் இறுதி நாள்களில் அவரிடம் வழிகாட்டுதல் பெற்ற எதுவார் செகேன், அம்முறைகளை விரிவாக்கி 1846இல் பெருநூல் எழுதினார். பின் அமெரிக்கா சென்று அங்கும் இக்கல்வி வேரூன்ற உழைத்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், உரோமாபுரியில் மரியா மாண்டிசோரி அம்மையார், மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளைக் கண்டு நெஞ்சுருகினார். இவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்று தேர்ந்து, இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிக் கற்றார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வெழுதித் தேறினர். இவ்வழி நலமுள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன் தரும் என்று சிந்தித்து, 1907இல் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார்.

அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கினார். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். இன்று நம் பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கும் எழுத்துகளுக்குப் பின்னே, விக்தோரின் கையிலிருந்த உலோக எழுத்துகளின் நினைவு நிற்கிறது. பேசாத ஒரு பிள்ளைக்காகத் தேடிய வழி, பேசும் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவழியாயிற்று!

பெற்றோர்க்கு ஒரு சொல்

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுற்றோர் சட்டம், குறைபாட்டைக் காரணங்காட்டிப் பிள்ளையைக் கல்வியிலிருந்து விலக்கலாகாது என்கிறது. சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. சட்டம் கதவைத் திறக்கலாம்; பிள்ளையின் கைப்பற்றி உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியவர் பெற்றோரும் ஆசிரியரும் அல்லரோ? ஊரார் பழிப்பர் என்று அஞ்சிப் பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்கும் ஒவ்வோர் ஆண்டும், அப்பிள்ளை இழக்கும் ஆண்டேயாகும். பேச்சு தாமதமாகிறதா? முதலில் செவியைச் சோதிக்கச் செய்க. காலந்தாழ்த்தாது வல்லுநரை நாடுக. பிள்ளையின் கையசைவையும் மொழியெனக் கொண்டு மறுமொழி தருக. பினெலின் அறிவுக்குப் புலப்படாதது கெரேன் அம்மையாரின் அன்புக்குப் புலப்பட்டது. இத்தாரின் முயற்சியும் அவ்வம்மையாரின் பொறுமையும் ஓரிடத்தில் சேருமாயின், பேசாப் பிள்ளையும் தன் உள்ளத்தை உலகுக்கு உரைக்க ஒரு வழி காண்பான் என்பது உறுதி.