காற்றுக் கசிவும் பச்சிளம் நுரையீரலும்: ஆபத்துக் காரணிகள் இடம் மாறிய வரலாறு

மண்ணூர் போன்ற ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்கள் உட்பட, தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் இன்று ஆஸ்பத்திரிதான். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. சிசேரியன் 44.9 விழுக்காடு, 2015–16இல் அது 34.1. தாய்நலக் கணக்காகவே படிக்கப்படும் இந்த எண்களைக் குழந்தையின் நுரையீரல் பக்கமிருந்தும் படிக்கலாம்.

பிறந்த குழந்தையின் நுரையீரல் சுருங்குவது இரண்டு விதம். சிற்றறைகள் விரியாமல் ஒட்டிக்கொள்வது ஒன்று. சிற்றறை கிழிந்து, கசிந்த காற்று மார்புச் சுவருக்கு உள்ளே தேங்கி நுரையீரலை நசுக்குவது மற்றொன்று. இதுவே நியூமோதோராக்ஸ். முதலாவதற்கு வைத்தியம் தேடிய முயற்சிகளே இரண்டாவதற்குப் பலமுறை வழிவிட்டன.

குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு, சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளின் குறைவே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினர். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் அதே நோயால் பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தபோது மருத்துவத்தின் கை வெறுங்கையாகத்தான் இருந்தது. பிறகு வென்டிலேட்டர் வந்தது. விறைத்த நுரையீரலுக்குள் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளினால் சிற்றறை கிழியும். தானே மூச்சுவிடும் குழந்தைக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் முறையாக 1971இல் ஜார்ஜ் கிரிகரி அறிமுகப்படுத்திய சி-பாப் மென்மையான வழி என்றாலும், அழுத்தம் கூடினால் அதுவும் கிழிக்கும். 25 முதல் 28 வாரத்தில் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், 8 செ.மீ. நீரழுத்தத்தில் சி-பாப் தொடங்கியவர்களில் 9 விழுக்காட்டினருக்கு நியூமோதோராக்ஸ் வந்தது; மூச்சுக்குழலில் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களில் 3 விழுக்காடுதான்.

கிழிக்காமல் காக்கும் வழிகளும் பிறந்தன. 1972இல் லிகின்ஸும் ஹவியும் கர்ப்பிணிக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சிசுவின் நுரையீரலை முதிரவைத்தனர். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா 10 குழந்தைகளுக்கு சர்ஃபாக்டன்ட்டையே கொடுத்துப் பார்த்தார். இந்த இரண்டில் நம் கிராமங்களுக்கு எட்டுவது விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசிதான்.

நிறைமாதக் குழந்தையும் தப்புவதில்லை. "வயித்துக்குள்ளயே மோஷன் போயிடுச்சு" என்று வீட்டார் சொல்லும் நிலையில், மூச்சுக்குழலில் அடைத்த மலம் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறந்ததும் அழாத குழந்தைக்கு, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைப் பதற்றத்தில் வேகமாக அழுத்துவதும் ஆபத்தே.

தமிழ்நாட்டுக்குப் பொருத்தமான காரணி இன்னொன்று: பிரசவவலி தொடங்கும் முன்பே, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். வலியின்போது சுரக்கும் அட்ரினலின்தான் நுரையீரலில் நிறைந்த நீரை உறிஞ்சவைக்கிறது. 1995இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், இப்படிப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் மூச்சுக்கோளாறு கண்டவை 37ஆம் வாரத்தில் 73.8, 38இல் 42.3, 39இல் 17.8. இத்தாலியின் பாதுவா ஆய்வாளர்கள் 2007இல் நியூமோதோராக்ஸையே இந்த நாள் குறிப்போடு இணைத்துப் பார்த்தனர். நம்மூரில் ராகுகாலம், எமகண்டம் தவிர்த்து, நட்சத்திரம் பார்த்து நேரம் கேட்கும் குடும்பங்கள் உண்டு. அதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 39 வாரம் நிறைந்த பிறகு வரும் நட்சத்திரமாக இருந்தால் நுரையீரலுக்கு நட்டமில்லை. அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவர்.

நியூமோதோராக்ஸைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அறையை இருட்டாக்கி, சூடேறாத விளக்கை மார்பில் ஒட்டிவைத்தால் காற்று தேங்கிய பக்கம் பளிச்சென்று சிவந்து ஒளிரும். நோய் முற்றியிருந்தால் எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல், விலா இடுக்கில் மெல்லிய ஊசி செருகி சிரிஞ்சால் காற்றை இழுக்க வேண்டும். ஊசியோடு இணைத்த குழாயின் மறுமுனை நீருக்குள் இருந்தால் குமிழிகள் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைச் செய்யாமல் குழந்தையை எழும்பூர் அல்லது செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றி, வழிநெடுக ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போனால், ஒவ்வோர் அழுத்தலிலும் தேங்கிய காற்று கூடி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவதே தடைபடும். அதனால் காற்றை எடுத்து, தேவையானால் குழாயும் பொருத்திய பிறகே வண்டி கிளம்ப வேண்டும். அதற்கு ஸ்ரீபெரும்புதூர் அளவிலேயே ஊசி செருகத் தெரிந்த ஒருவர் இரவுப் பணியிலும் இருந்தாக வேண்டும்.