பிறழ்வு என்று பெயர்பெற்ற ஒளி

அறிவியல் கட்டுரைத் தலைப்புகளில் வியப்புச் சொற்கள் அரிது. மொழியியல் பயின்றதாலோ என்னவோ, ஒளியியல் வரலாற்றைப் படிக்கையில் இரண்டு தலைப்புகள் என் கண்ணில் பட்டன. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1902-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'ரிமார்க்கபிள்' என்ற சொல் உண்டு. ஜான் வான் நாய்மனும் யூஜின் விக்னரும் 1929-இல் ஜெர்மனில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'மெர்க்வூர்டிக்' என்ற சொல் உண்டு. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் 'குறித்துவைக்கத் தக்கது' என்பதே. தொடர்பற்ற இவ்விரு குறிப்புகளும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஒரே பரப்பில் வந்து சேர்ந்தன.

வுட் ஆராய்ந்தது, உலோகத்தில் நெருங்கிய கோடுகள் கீறப்பட்ட ஒரு கீற்றணி. அது விரித்த நிறமாலையில் ஓரிடத்தில் ஒளி திடீரென ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அச்சரிவு நிகழ்ந்த அகலமோ சோடியத்தின் இரு மஞ்சள் கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவுதான். அதாவது சுமார் 0.6 நானோமீட்டர். அன்றைய கோட்பாட்டில் இதற்கு விளக்கம் இல்லை. ஆகவே 'பிறழ்வு' என்ற பெயர் நிலைத்தது.

விளக்கம் தவணை முறையில் வந்தது. விளிம்பு விளைவால் பிரியும் கதிர்களுள் ஒன்று பரப்பை ஒட்டிச் செல்லும் அலைநீளத்தில் இது நேரும் என்றார் ராலே (1907). பரப்பின் வழியே ஓடும் அலைகளே காரணம் என்றார் ஊகோ ஃபானோ (1941). இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்று 1965-இல் பிரித்துக் காட்டியவர்கள் ஹெஸ்ஸலும் ஆலினரும். இரண்டாம் வகையில் ஒளி பரப்பில் சிக்கி, சிறிது தங்கி, பிறகு கசிகிறது. அதுவே ஒத்ததிர்வு.

எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு கூர்மை. கையால் பற்றிய மணி மழுங்கி ஒலிக்கும். விட்ட மணி நெடுநேரம் ஒரே சுருதியில் நிற்கும். உலோகம் ஒளியை உறிஞ்சி வெப்பமாக்குவதால் பற்றிய கைபோலாகிறது. சிலிக்கான் நைட்ரைடு போன்ற மின்காப்புப் பொருள்கள் தகுந்த அலைநீளங்களில் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை. அத்தகைய படலங்களில் அமைத்த கீற்றணிகளைக் கொண்டு, குறுகிய பட்டையை மட்டும் தெறிக்கவிடும் வடிகட்டிகளை உருவாக்கலாம் என்று 1992-இல் மேக்னுசனும் வாங்கும் காட்டினர்.

வான் நாய்மனும் விக்னரும் குறித்தது இதனினும் விசித்திரம். தப்பியோடப் போதிய ஆற்றல் இருந்தும் ஒரு துகள் கட்டுண்டே இருக்க இயலும் என்பது அவர்களது கணக்கு. குவாண்டம் இயக்கவியலுக்காகப் போட்ட அக்கணக்கின் கருத்து ஒளிக்கும் பொருந்தியது. 2013-இல் எம்.ஐ.டி. குழுவினர் சீராகத் துளையிட்ட சிலிக்கான் நைட்ரைடு தகட்டில் அதை மெய்ப்பித்தனர். வெளியே கசிய வேண்டிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒளி உள்ளேயே நின்றது. பரப்பின் எல்லையும் வார்ப்பின் குறைகளும் அந்த நிலையை முழுமையடைய விடுவதில்லை. எனினும் தங்கும் காலம் மிக நீள்கிறது.

பயன் இந்தக் கூர்மையிலேயே உள்ளது. பரப்பில் ஒரு மூலக்கூறு ஒட்டினால் ஒளிவிலகல் எண் மிகச் சிறிது மாறும். ஒத்ததிர்வின் அலைநீளமும் சிறிதே நகரும். கோடு அகலமாயின் அந்த நகர்வு புலப்படாது, கூர்மையாயின் புலப்படும். உயிரிவேதி உணரிகள் பலவற்றின் அடிப்படை இதுவே. 2017-இல் சான் டியேகோவில் இதே தத்துவத்தில் லேசர் ஒன்று இயங்கியது. 2018-இல் லோசானில், சிலிக்கான் நுண்ணமைப்புகளின் அணி ஒன்று புரதங்களின் அகச்சிவப்பு அடையாளங்களைப் படித்தது.

பாடநூல்களில் இன்றும் 'வுட்டின் பிறழ்வுகள்' என்ற பெயரே வழங்குகிறது. விளங்கிவிட்ட பின்னும் சொல் மாறவில்லை. மாறாதிருப்பதும் நன்றே. கோட்பாட்டுக்கு அடங்காத ஓர் இருண்ட கோட்டைக் கருவியின் பழுதென்று தள்ளாமல், அதன் அகலத்தை அளந்து ஒருவர் எழுதிவைத்ததால்தான் பின்வந்தவர்களுக்கு விளக்குவதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்பதை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது.