அடுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் மெல்லிய படலத்தை வைத்து, உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாகப் பிணைத்து ஆக்கப்படுவது. உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டி நிற்பது இதன் விசேஷ குணம். இதன் ஆதி வடிவத்துக்குப் பிரெஞ்சு ரசாயன நிபுணர் எதுவார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்றார்.

வலுவேற்றிய கண்ணாடியாகிய டஃபண்ட் (toughened) கண்ணாடி சாதாரணக் கண்ணாடியினும் நான்கைந்து மடங்கு வலியதாயினும், உடையுங்கால் முழுதும் சிறு துண்டுகளாய் உதிர்ந்துவிடுமாதலால், தியாகராய நகர் உஸ்மான் சாலை போன்று ஜனநெரிசல் மிக்க வீதியின்மேல் எழும் முகப்புக்கு அதனை ஒற்றைத் தகடாகப் பொருத்துவது உசிதமன்று. அத்தகடுகளையே அடுக்காக ஒட்டுவித்துப் பொருத்துவதே உத்தமம். தகட்டின் கனத்தைக் கண்மதிப்பாக நிர்ணயிக்கலாகாது, காற்றின் விசைக்கேற்பக் கணக்கிட வேண்டும்: கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதியாகிய ஐ.எஸ். 875 சென்னைக்கு விதிக்கும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையேறிய நகரம் இது.

அடையாறு, பெசன்ட் நகர்க் கடலோரத்தில் ஈரம் திறந்த விளிம்பின் வழியே புகுந்து, படலத்தை வெளுக்கச் செய்து ஓரத்தில் பிரித்துவிடும். ஆகையால் அங்கே பால்கனித் தடுப்புகளுக்கு, விலை கூடினும், ஈரத்தைத் தாங்கி விறைத்து நிற்கும் அயனோபிளாஸ்ட் படலமே சிரேஷ்டம். வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் பசை விளிம்பில் படவே கூடாது. அதன் அமிலம் படலத்தைக் கெடுக்கும்.

வாங்குவோர், தகட்டின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் உளவாவென்று பார்த்த பின்னரே பணம் செலுத்துக.